முப்பத்தோராம் தகடு

எங்கள் ஊரிலிருந்து ஆய்வகத்துக்கு நேர்வழி கிடையாது.
பத்துக் கிலோமீட்டர் சுரங்கச் சாலையை முழுக்கக் கடந்து
தெராமோ பக்கம் வெயிலில் தலைநீட்டி
வண்டியைத் திருப்பிக்கொண்டு
மறுபடி மலைக்குள் வரவேண்டும்.
ஆறு வருடமாக மலை என்னைத்
தினமும் இருமுறை விழுங்குகிறது.

தலைக்கு மேல் ஆயிரத்து நானூறு மீட்டர் பாறை.
அதற்கும் மேல் புல்வெளி.
மாசிடோனியாவிலிருந்து வந்த இடையர்கள் அங்கே ஆடு மேய்க்கிறார்கள்.
வானம் ஓயாமல் கொட்டும் துகள்மழை
அவர்கள் தொப்பியை, ஆட்டை, புல்லைத் துளைத்து இறங்கிப்
பாறைக்குள்ளேயே களைத்துச் சாகிறது.
எங்களிடம் வந்து சேர்வது தூறல்கூட இல்லை.

என் பெயர் ஓர்சோலா. கோட்பாடு எனக்கு வராது.
நான் தகடு செய்பவள்.
நாணயம் அளவு டான்டலம். அதன்மேல்
தலைமுடித் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு
நைட்ரஜன் கலந்த டைட்டானியப் பூச்சு.
புரோட்டான் கற்றை இரவும் பகலும் மோத மோதப்
பூச்சு தேய்ந்துவிடும்.
கழற்றுவோம், அடுத்ததை மாட்டுவோம்.

முதிய விண்மீன்கள் பல இந்த மோதலில்தான்
அடுப்பெரிக்கின்றன என்கிறாள் தோனாத்தெல்லா.
அங்கே கூட்டம் அதிகம்.
கோடானுகோடியில் எவனோ ஒருவன் சுவரேறிக் குதித்துவிடுகிறான்.
இங்கே அது குதிரைக்கொம்பு.
கற்றையின் வேகத்தைக் குறைக்கக் குறைக்க
விண்மீனுக்குக் கிட்டத்தில் போகிறோம்;
எண்ணிக்கை எங்களை விட்டுப் போகிறது.
மணிக்கு நாற்பது.
நாளுக்கு ஆறு.
பிறகு வாரத்துக்கு ஒன்றா இரண்டா என்று
காபி எந்திரத்தடியில் சண்டை.

பிப்ரவரியில், முப்பத்தோராம் தகட்டில்,
நாளுக்கு நாலு வந்தது.
திரையில் சின்ன மேடு,
பல் முளைக்கப்போகும் ஈறு மாதிரி.
தெப்ரெசென் நகரத்துக் கெர்கேய் மேசையைக் குத்தினான்.
யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.
விண்மீன்கள் நினைத்ததைவிட வேகமாய் எரிகின்றன என்றால்
அவற்றின் வயதில் கத்தரி வைக்க வேண்டும்,
கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார்கள்.

எனக்குத்தான் தூக்கமில்லை.
அந்த டான்டலத்தை அமிலத்தில் கழுவும்போது
போன் வந்தது.
நிலநடுக்கத்தில் விரிந்துபோன அக்கா வீட்டுக்குப்
பதினோரு வருடம் கழித்துச் சாவி தருகிறார்களாம்.
அவள் அழுதாள். நான் கழுவிக்கொண்டே கேட்டேன்.
கடைசித் தண்ணீர் மூன்று முறை ஊற்றினேனா?
ஒரு முறையா?

அந்த அமிலத்தில் ஃப்ளோரின் உண்டு.
புரோட்டான் தொட்டால் அதுவும் கதிர் வீசும்,
நாங்கள் காத்திருக்கும் கோட்டுக்கு அடுத்த வீட்டில்.
எங்கள் பெரிய படிகத்துக்கோ பார்வை மங்கல்;
யார் வீட்டுக் கதவு திறந்தது என்று சொல்லாது.

சொன்னேன்.
தோனாத்தெல்லா கேக் பெட்டியை மூடிவைத்தாள்.
ஃப்ளோரினுக்குப் பிடித்த வேகத்துக்குக் கற்றையை ஏற்றி
அதே தகட்டை அடித்துப் பார்த்தோம்.
மேடு மலையாயிற்று.
இருபத்திரண்டு நாள் தரவை அழிக்கவில்லை;
அதற்கென ஒரு கோப்பு,
அதன் பெயர் ஓர்சோலா.
கெர்கேய் வைத்தது. கேலிதான்.

முப்பத்திரண்டாம் தகடு நாற்பத்தேழு நாள் நின்றது.
கற்றை ஓடியபோது ஐந்து எண்ணிக்கை.
கற்றையை அணைத்துவிட்டு அதே அளவு நேரம் காத்திருந்தபோது
நாலு.
இந்த ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில்
ஒரு விண்மீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
அட்டவணையில் ஒரு குறி போட்டார்கள்:
இதற்கு மேல் இல்லை.
"இது முடிவா?" என்றேன்.
"இல்லை என்பதையும் எண்ணால்தான் எழுத முடியும்,
உன் தகடு சுத்தமாய் இருந்தால்" என்றாள்.

இப்போதெல்லாம் போனைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன்.
நாலு முறை தண்ணீர்.
புது வீட்டில் சுவரில் ஈரம் ஏறுகிறதாம்.
இரவு முழுக்கக் கூப்பிட்டும் எடுக்கவில்லையென்று
அக்கா திட்டுகிறாள்.